எண்ணெய் குடித்த கல்

வெள்ளைக் கல் வேண்டாம் என்று நான் முதலிலேயே சொன்னேன். என் பேச்சை யார் கேட்டார்கள்? மருமகள் சுஜிதாவுக்குக் கறுப்புக் கல்லைப் பார்த்தால் கல்லறைத் தோட்டம் ஞாபகம் வருகிறதாம். "மாமா, கிச்சன்ல கறுப்பு கிரானைட் போட்டா கல்லறைக்குள்ள நின்னு சமைக்குற மாதிரி இருக்கும்" என்றாள். சமைக்கப்போவது அவளா? அவளும் என் மகன் சாமும் சென்னையில் இருக்கிறார்கள். தென்காசியில் இருந்து குற்றாலம் போகிற ரோட்டில் கட்டுகிற இந்த வீட்டில் சமைக்கப்போவது என் பொண்டாட்டி ரெபேக்காள். அவளைக் கேட்டால், "எந்தக் கலரா இருந்தா எனக்கென்ன, நின்னுக்கிட்டுச் சமைக்க முடிஞ்சாப் போதும்" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவும். ஆலங்குளத்தில் எங்கள் பழைய வீட்டில் அடுப்பு தரையில் இருந்தது. குத்தவைத்து உட்கார்ந்து சமைத்துச் சமைத்து அவளுக்கு இரண்டு முட்டும் போய்விட்டது. உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டும். சுவர் இல்லாவிட்டால் என்னைப் பிடிக்க வேண்டும். இனிமேல் குத்தவைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டுவிட்டு சாம் வந்தான்.

"எம்மா, ஆலங்குளம் வீட்டைக் கொடுத்துட்டு குத்தாலம் ரோட்டுல ஒண்ணு கட்டுவோம். ஒனக்கு இடுப்பு உயரத்துக்கு மேடை போட்டுத் தாரேன். மகாராணி மாதிரி நின்னு சமை."

"வீடு யார் பேர்ல?" என்று நான் கேட்டேன்.

"லோன் என் பேர்லதானப்பா கிடைக்கும்."

லோன் அவன் பேரில், வீடு அவன் பேரில். மேடை மட்டும் அம்மா பேரில். அதற்குப் பத்திரம் கிடையாது. பழைய வீட்டை விற்க நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். "பெத்த பிள்ளையைச் சந்தேகப்படுதியளே, நீங்க மனுசனா?" என்று ரெபேக்காள் அழுதாள். போட்டுத் தொலைத்தேன்.

கல் பதிக்கிற அன்றைக்குக் கிரானைட் கடைக்காரன் பாண்டிராஜ் வந்தான். தென்காசியில் கடை வைத்திருக்கிறவன். வேலை முடிந்ததும் ரெபேக்காளைக் கூப்பிட்டு வைத்துப் பாடம் நடத்தினான்.

"ஆச்சி, இது கல்லுதான். ஆனா உள்ளுக்குள்ள சல்லடை மாதிரி. கண்ணுக்குத் தெரியாத ஓட்டை நிறைய இருக்கும். வெள்ளைக் கல்லுக்கு இன்னும் சாஸ்தி. எண்ணெய் சிந்துனா அப்பமே தொடைச்சிரணும். எலுமிச்சம்பழம், புளித்தண்ணி எதுவும் மேல கிடக்கக் கூடாது. பாத்ரூம் கழுவுத ஆசிட் கிட்டவே வரக் கூடாது. கொதிக்க சட்டியை நேரா வைக்காதிய. சோப்புத் தண்ணியில ஒரு துணி, காஞ்ச துணி ஒண்ணு. முதல்ல அது, பிறகு இது. போர் தண்ணி தங்குனா உப்பு வெள்ளையாப் படியும்."

"கல்லு நல்லாருக்கா இல்லையான்னு எப்படிய்யா கண்டுபிடிக்க?" என்றாள் இவள்.

"ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க. முத்து மாதிரி நின்னா கல்லு நல்லாருக்கு. உள்ள இறங்கி கறுப்பா ஈரம் காட்டுச்சுன்னா கல்லு குடிக்குன்னு அர்த்தம். சீலர் அடிக்கணும். இப்பமே அடிச்சிருக்கணும், உங்க மகன்தான் பிறகு பாப்போம்னுட்டாரு."

"சீலர் எங்க கிடைக்கும்?" என்றேன்.

"நம்ம கடையிலதான் அண்ணாச்சி."

"அதான பாத்தேன்."

நான் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினவன். வியாபாரி எதைச் சொன்னாலும் அதன் பின்னால் எதை விற்கிறான் என்று பார்க்கிறவன். ஆனால் ரெபேக்காள் அவன் பேச்சைக் கோயிலில் பிரசங்கம் கேட்கிற மாதிரிக் கேட்டாள். அன்றிலிருந்து சுவரில் இரண்டு ஆணி, ஒன்றில் ஈரத்துணி, ஒன்றில் காய்ந்த துணி. சூடான சட்டி வைக்கப் பிரிமணை தேடினாள், ஆலங்குளத்தில் விட்டுவிட்டு வந்திருந்தோம். என் பழைய சும்மாடு கிடந்தது. தலையில் மூட்டைக்குக் கீழே வைக்கிற துணிச் சுருணை. அதைத் துவைத்துக் காயப்போட்டு மேடையில் வைத்துவிட்டாள். ஐயாயிரம் மூட்டை தாங்கின சும்மாடு ரசச்சட்டியைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நான் எலுமிச்சம்பழத்தை வெட்டி அங்கே வைத்தால் போதும், பாய்ந்து வருவாள். "அங்கன வைக்காதிய, அங்கன வைக்காதிய." தூங்குகிற பிள்ளைமேல் நான் தண்ணீர் ஊற்றிவிட்ட மாதிரி. கல்லுக்குப் பேர் வைக்காததுதான் குறை. ஆனால் ஒன்று. நின்றுகொண்டு சமைத்தாள். மேடையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மறுகையால் குழம்பைக் கிண்டுவாள். முட்டு வலி என்று அவள் முனகி நான் கேட்கவில்லை. அதை நான் பார்த்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன்.

வெயில் காலம் முடிகிற நேரத்தில் சாமின் போன் வந்தது.

"அப்பா, சீசன் வருதுல்லா. குத்தால ரோட்டுல வீட்டை வச்சுக்கிட்டு சும்மா பூட்டிப் போட யாருக்கு மனசு வரும்?"

"பூட்டியா கிடக்கு? நாங்க இருக்கோம்லா."

"முன்வீட்டைக் குளிக்க வாறவியளுக்கு வாடகைக்கு விடுவோம். நீங்க பின்னால ரூம்ல இருந்துக்கிடுங்க. சாரல் நிக்குற வரைக்கும்தான். லோன் கட்டணும்லாப்பா. பிறகு அம்மாவுக்குத்தான் எல்லாம். அம்மாகிட்ட கொடுங்க."

அம்மாவிடம் கொடுத்தேன். "சரி எய்யா, சரி எய்யா" என்றாள். வேறு என்ன சொல்லுவாள்.

பின்னால் ரூம் என்றால் மோட்டார் ரூம். மோட்டார் ஒரு பக்கம், வருகிறவர்களுக்கான மெத்தைச் சுருட்டு ஒரு பக்கம், நடுவில் நாங்கள். கேஸ் அடுப்பைத் தரையில்தான் வைக்க முடிந்தது. பெஞ்சு ஒன்றைப் போட்டு அதன்மேல் வைத்துப் பார்த்தேன். பெஞ்சு ஆடியது. எண்ணெய்ச் சட்டி சரிந்து அவள் காலில் விழப் பார்த்தது. "வேண்டாம், நான் உக்காந்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டாள். மறுபடி குத்தவைத்தாள். மறுபடி எழுந்திருக்க என் தோள்.

ஒவ்வொரு கூட்டம் போன பிறகும் முன்வீட்டைக் கூட்டித் துடைக்கிற வேலையும் எங்களுக்குத்தான். அவள் முதலில் ஓடுவது மேடைக்கு. கறி வெட்டின கோடு, மஞ்சள் கறை, குக்கரை இறக்கி வைத்த வட்டம். ஒவ்வொன்றுக்கும் அவளுக்கு முகம் சுருங்கும். "மனுசங்களா இவிய?" என்பாள். துடைப்பாள். சாயங்காலம் அடுத்த கூட்டம் வரும்.

ஆடி மாதத்தில் மலையில் விடாத மழை. மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுந்தது. போலீஸ்காரர்கள் கயிறு கட்டிவிட்டார்கள், யாரும் குளிக்கக் கூடாது. அப்போது வீட்டில் கரூரில் இருந்து வந்த ஆம்பிளைக் கூட்டம் ஒன்று இருந்தது. கேஸ் தீர்ந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் போனேன்.

மேடையின்மேல் ஒரு ஆள் குப்புறக் கிடந்தார். இடுப்பில் ஒரு துண்டு, அவ்வளவுதான். தலை அடுப்புப் பக்கம், கால் சிங்க் பக்கம். நல்ல கனத்த உடம்பு. பக்கத்தில் அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கிற முத்துகுமரன் நின்று, கிண்ணத்தில் இருந்து எண்ணெயை முதுகில் ஊற்றி இரண்டு கையாலும் வழித்துக்கொண்டிருந்தான். வழிந்த எண்ணெய் எல்லாம் கல்லில்.

"ஏலே முத்துகுமரா, என்னலே இது?"

"அருவிக்கரைக்கு விடமாட்டேங்கான் அண்ணாச்சி. எண்ணெய் தேய்க்காம ஊருக்குப் போகமாட்டோம்னு இவிய நிக்காவ."

"அதுக்கு? கட்டில் இல்லியா?"

"கட்டில்ல தேய்ச்சா உங்க மெத்தைலா பாழாப் போவும். தரையில போட்டா எனக்கு முதுகு போவும். குத்தாலத்துல எண்ணெய்ன்னா கல்லுமேலதான். இந்த வீட்ல கல்லுன்னா இது ஒண்ணுதான இருக்கு?" சொல்லிவிட்டு மேடையைத் தட்டிக் கொடுத்தான். "நல்ல உயரம் அண்ணாச்சி. அருவிக்கரையிலகூட இந்த உயரம் கிடையாது. குனியாம தேய்க்கலாம்."

கிடந்தவர் முகத்தைத் திருப்பாமலே பேசினார். "பெரியவரே, கல்லு நல்லா ஜில்லுனு இருக்குங்க."

"இது சோறு ஆக்குத இடம்."

"நான் மட்டும் என்ன? மசாலா தடவி ஊறவச்சிருக்காங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல பொரிச்சிருவாங்க."

அடுத்து ஏற வேண்டியவர்கள் துண்டோடு வரிசையில் நின்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிலிண்டரை இறக்கிவிட்டு வெளியே வந்து சாமைக் கூப்பிட்டேன்.

"அப்பா, சண்டை போட்டுராதிய. கெஸ்ட்டு ரேட்டிங் குறைச்சிருவான்."

"ஏலே, ஒங்கம்மா சமைக்க மேடையில அம்மணமா கிடக்கான்லே."

"தொடைச்சாப் போயிரும்ப்பா. கல்லுதான?"

அவர்கள் போன பிறகு ரெபேக்காள் துணியோடு ஓடினாள். தேய்த்தாள், தேய்த்தாள். துணியில் எண்ணெய் வரவில்லை. எல்லாவற்றையும் கல் குடித்துவிட்டது. வெள்ளைக் கல்லில் ஒரு ஆள் பழுப்பாகக் கிடந்தான். தலை இருந்த இடம், தோள், பக்கத்துக்கு ஒரு கை, நடுவில் அண்டா வாய் மாதிரித் தொப்பை, கீழே இரண்டு தொடை. எத்தனையோ பேர் ஏறிக் கிடந்தும் முதல் ஆளின் உருவம்தான் ஜெயித்திருந்தது.

பாண்டிராஜுக்குப் போன் போட்டுக் கேட்டாள். மைதாவும் ஆப்பசோடாவும் சேர்த்துத் தண்ணீர் விட்டுத் தோசை மாவைவிடக் கெட்டியாகக் குழைத்துக் கறைமேல் அப்ப வேண்டும், பாலிதீன் தாளைப் போட்டு மூடி வைக்க வேண்டும், மாவு காய்கிறபோது எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு வரும், உடனே செய்தால் நல்லது என்றானாம். பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டாள்.

"ஏட்டி, நில்லு. அதைத் தொடாத."

"ஏன்?"

"இதைப் பாத்தா எவன் இங்கன சமைப்பான்? எவனும் வரமாட்டான். வரலன்னா மேடை யாருக்கு?"

வாசலிலேயே நின்றாள். "அது பாவம்லா?"

"யாருக்குப் பாவம்? கல்லுக்கா?"

குனிந்து தன் முட்டைத் தடவினாள். பையைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள்.

அடுத்து ஒரு குடும்பம் வந்தது. மேடையைப் பார்த்ததும் அந்தப் பெண் அலறிக்கொண்டு வெளியே வந்தாள். "தாத்தா, இங்க யாரும் செத்துக்கித்துப் போனாங்களா?"

"செத்தானா பிழைச்சானான்னு எனக்குத் தெரியாது தாயி. கிடந்ததை மட்டும் நான் பாத்தேன்" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. அவர்கள் பெட்டியைத் திறக்காமலே திரும்பிப் போனார்கள். போகும்போது படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தப் படம் போனில் சுற்றியது. அதற்குப் பிறகு, வருகிறேன் என்று சொல்லியிருந்தவன் எல்லாம் வரவில்லை என்றான். சாம் கத்தினான். "ஒரு கறையைத் தொடைக்கக்கூட ஆள் இல்லியா அங்க?" "தொடைச்சாப் போயிரும்னு நீதானலே சொன்ன" என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். ஆவணி பிறக்கும்போது அவனுக்கே அலுத்துவிட்டது. "சரி, இந்தத் தடவை போதும். நீங்க முன்னால போய் இருந்துக்கிடுங்க" என்றான்.

போனோம். ரெபேக்காள் சாளை மீன் வாங்கிவரச் சொல்லிக் குழம்பு வைத்தாள். நின்றுகொண்டு. நான் வாசல்படியில் உட்கார்ந்து அவள் முதுகைப் பார்த்தேன். இந்த ஜென்மத்தில் நான் ஜெயித்தது இது ஒன்றுதான் என்று நினைத்தேன். அதைக்கூட அவள் நிலைக்கவிடவில்லை.

முதலில் கறைமேல் பேப்பரைப் போட்டு மூடினாள். பேப்பர் நனைந்து ஒட்டிக்கொண்டது. பிறகு பழைய சேலையை விரித்தாள். ஒருநாள் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

"என்னட்டி?"

"ஊரான் தொப்பை மேல மாவு பிசையுதேன். எனக்குக் குமட்டுது."

"தள்ளி நின்னு பிசை."

"எங்க தள்ள? இந்தப் பக்கம் போனா தொடை, அந்தப் பக்கம் போனா தலை. அதையும் சேத்துப் பிசைஞ்சுதான் நமக்குச் சோறா?"

"மூடி வை."

"எம்புட்டு நாளைக்கு மூடி வைக்க? பாண்டிராஜ்கிட்ட கேட்டேன். இன்னும் எடுத்துரலாம்னு சொல்லுதான்."

"அவன் சொல்லுவான். எடுத்தா சீலர் விக்கலாம்லா." எழுந்துபோய் அவள் கிட்டே நின்று சொன்னேன். "கறை வெளுத்தா மேடை போயிரும்ட்டி. ஒம்மவன் பாத்தாம்னா மறுபடி ஆளைக் கொண்டாந்து எறக்கிருவான்."

"சீசன் முடிஞ்சுட்டு. இனி ஒனக்குத்தாம்மான்னு அவன் சொன்னான்லா? எப்பம் பாத்தாலும் பிள்ளையைத் திருடனாவே பாக்கிய. நம்ம கல்லை நாமளே அழுக்கா வச்சுக்கிட்டு, அது என்ன பொழப்பு?"

நம்ம கல் என்றாள். பதில் என் வாய்வரைக்கும் வந்தது, ஆனால் அவள் மாவுக் கையோடு அழுதுகொண்டு நின்றாள். போ, என்னமும் செய் என்று விட்டுவிட்டேன்.

மைதாவைக் குழைத்து அப்பினாள். பாலிதீனைப் போட்டு ஓரத்தை எல்லாம் ஒட்டினாள். மறுநாள் மரக்கரண்டியால் சுரண்டி எடுத்தாள். மாவு மஞ்சள் பூத்து, எண்ணெய் வாடையோடு வந்தது. கல் கொஞ்சம் வெளுத்திருந்தது. மறுபடி அப்பினாள். பழைய கறை, லேசில் விடவில்லை. அவளும் விடவில்லை. முதலில் கை போயிற்று. பிறகு தொடை. தலை இருந்த இடம் ஒருநாள் காலையில் பார்த்தால் காணோம். தொப்பைதான் கடைசிவரைக்கும் கிடந்தது, சின்ன வட்டமாகி, பிறகு நிழலாகி, பிறகு அதுவும் இல்லை. எங்கே இருந்தது என்று எனக்கே கைகாட்டத் தெரியவில்லை.

சீலர் வாங்கிவரச் சொன்னாள். நான் போகவில்லை. அவளே பஸ் ஏறி நொண்டி நொண்டிப் போய் வாங்கிவந்தாள். கல்லை நன்றாகக் காயவிட்டு, மெத்துத் துணியால் ஒரு கை அடித்து, ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்து எடுத்தாள். மறுபடி ஒரு கை. அன்றைக்கு மேடையில் ஒரு பாத்திரத்தை வைக்கவிடவில்லை. எனக்குக் கடையில் இட்லி. மறுநாள் தண்ணீர் சொட்டு விட்டுப் பார்த்தாள். சொட்டு முத்தாக நின்றது. விரலால் தள்ளினால் உருண்டது. கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

தீபாவளி லீவுக்கு சாமும் சுஜிதாவும் காரில் வந்தார்கள். வருகிறார்கள் என்று தெரிந்ததும் இவளிடம் சொன்னேன், "மேடை மேல சேலையை விரிச்சுப் போடு. கறை அப்படியே கிடக்குன்னு சொல்லு." தலையை ஆட்டினாள். சேலையை விரித்தும் போட்டாள். நான் நம்பினேன்.

சுஜிதா சமையல்கட்டுக்குள் வந்தாள். சேலையைப் பார்த்தாள். "ஐயோ, அந்தக் கறைதானா அத்தை? எனக்குப் பாக்கவே பிடிக்கல. நீங்க பாவம், இதுல எப்படிச் சமைக்கிய?"

அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் கல்லை யாரோ அழுக்கு என்று சொல்லிவிட்டார்கள். ரெபேக்காளுக்குப் பொறுக்கவில்லை. நான் வாசலில் நின்று செருமினேன். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. சேலையை உருவினாள்.

"இப்பம் பாரு."

"அத்தை! புதுக்கல் போட்டியளா?"

"அதே கல்லுதாம்மா." டம்ளரில் தண்ணீர் எடுத்து விரலால் தெளித்தாள். "பாரு, பாரு. உருளுதா? கல்லு குடிக்காது. இனி எண்ணெயே ஊத்தினாலும் குடிக்காது. எல்லாம் என் கையால செஞ்சது."

"சாம், இங்க வாங்களேன்."

சாம் வந்தான். குனிந்து பார்த்தான். கையால் தடவினான். "எம்மா, சூப்பர்மா" என்று அவள் தோளைக் கட்டிக்கொண்டான். ரெபேக்காள் முகம் அப்படியே மலர்ந்து போயிற்று. அவன் போனை எடுத்தான். இந்தப் பக்கம் நின்று ஒரு படம், அந்தப் பக்கம் நின்று ஒரு படம். நடுவில் கிடந்த என் சும்மாட்டை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு ஒரு படம். ஆணியில் தொங்கின துணிகளையும் எடுக்கச் சொன்னான்.

"எதுக்குலே படம்?" என்றேன்.

"கார்த்திகை பிறக்கப்போவுதுல்லப்பா. சபரிமலைக்குப் போற சாமிமார் எல்லாம் குத்தாலத்துல இறங்கித்தான குளிச்சுட்டுப் போறாவ. அவியளே சமைச்சுச் சாப்பிடுவாவ. கிச்சன் நல்லாருந்தா வீடு உடனே போயிரும். இதுக்கு மேல என்ன வேணும்?"

ரெபேக்காள் கையில் டம்ளர் இருந்தது. அதைக் கீழே வைக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை.

"சீசன் முடிஞ்சா எனக்குன்னு சொன்னியே எய்யா."

"அது சாரல் சீசன்மா. இது சாமிமார் சீசன். தை மாசம் பிறந்ததும் ஒனக்குத்தான். பிறகு சாரல் வர வரைக்கும் எவன் கேட்கப்போறான்?"

சுஜிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்லவிதமாகத்தான் சொன்னாள். "அத்தை, விரதம் இருக்குறவங்க புழங்குற இடம்லா. இனிமே இந்த மேடையில மீன் எதுவும் வச்சிராதிய. உங்களை மாதிரி யாராலயும் இதைப் பாத்துக்கிட முடியாது."

"சரிம்மா" என்றாள் ரெபேக்காள்.

நான் சாமைப் பார்த்து, "ஏலே, ஒங்கம்மாவுக்கு முட்டு இருக்கா இல்லியான்னு குனிஞ்சு பாத்தியா? கல்லை மட்டும் குனிஞ்சு பாத்தியே" என்றேன். "ஆரம்பிச்சிட்டாரு" என்று அவன் கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

அவர்கள் சென்னைக்குத் திரும்பிய மறுநாள் சாமான்களை எல்லாம் பின்னால் கொண்டுபோனோம். சாயங்காலம் முதல் கூட்டம் வருகிறது என்று போன் வந்திருந்தது. ரெபேக்காள் மோட்டார் ரூமில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் நல்லெண்ணெய்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு முன்வீட்டுக்குப் போனேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் மேடையில் ஊற்றினேன். அந்த ஆள் கிடந்த இடம் பூராவும் கையால் தேய்த்தேன். தலை, தோள், தொப்பை. குடி, நல்லாக் குடி என்று கதவைச் சாத்திவிட்டு வந்தேன். வெயில் சாய்கிற வரைக்கும் கிடக்கட்டும் என்று பொறுத்திருந்து போனேன்.

துணியால் ஒரு இழுப்பு இழுத்தேன். எண்ணெய் துணியோடு வந்துவிட்டது. கீழே கல் வெள்ளையாகச் சிரித்தது. இன்னொரு இடத்தில் இழுத்தேன். அங்கேயும் வெள்ளை. பாண்டிராஜ் ஒருவன்தான் இந்த உலகத்தில் உண்மையைச் சொல்லியிருக்கிறான்.

பின்னால் செருப்புச் சத்தம். ரெபேக்காள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்லைப் பார்த்தாள், என் கையில் இருந்த துணியைப் பார்த்தாள்.

"கறை பிடிக்காது. விடுங்க" என்றாள். "எல்லா ஓட்டையையும் நாந்தான அடைச்சேன்."

என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். சோப்புத் தண்ணீரில் ஒரு துணி. பிறகு காய்ந்த துணி. ஓரம் மூலை எல்லாம் துடைத்தாள். விளிம்பில் வழிந்திருந்ததைக் குனிந்து துடைக்க முடியவில்லை, அதை மட்டும் என்னைத் துடைக்கச் சொன்னாள். நான் துடைத்தேன்.

இருட்டுகிற நேரத்தில் வேன் வந்து நின்றது. சரணம் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். பின்னால் நான் அவள் கையைப் பிடித்து அடுப்புக்கு முன்னால் உட்கார வைத்துக்கொண்டிருந்தேன். பாதி உட்கார்ந்தவள் என் சட்டையை இழுத்தாள்.

"அந்தச் சும்மாட்டைக் கொண்டுபோய் மேடையில வச்சிட்டு வாங்க. அவிய கொதிக்க சட்டியை நேரா வச்சிரப் போறாவ."

சும்மாட்டை எடுத்தேன். கொண்டுபோகவில்லை. மடித்து அவள் உட்காருகிற இடத்தில் தரையில் போட்டேன்.